கொச்சங்காடியில் பத்தாம் எல்டர்விக் பிரபு

அகவை முதிர்ந்தும் ஆர்வம் முதிராத மன்றத் தலைவர் வெங்கிடராமன் ஐயா அவர்களே! இந்த மட்டாஞ்சேரி மண்ணில் தமிழுக்கு ஒரு கூரை வேண்டும் என்று ஓடு சுமந்த பெரியோர்களே! காலையில் கடையையும் மாலையில் இந்த மன்றத்தையும் நிறைக்கும் வணிகப் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்தாலும் மல்லிகை வைக்க மறவாத தாய்மார்களே! தமிழைக் காதால் கேட்டு மலையாளத்தில் குறிப்பெடுக்கும் என் மாலை வகுப்புச் செல்வங்களே! கடல் கடந்து வந்து முன்வரிசையில் விசிறியோடு அமர்ந்திருக்கும் எலனர் அம்மையாரே! மேடையின் நடுவே நெளிந்துகொண்டிருக்கும் பத்தாம் எல்டர்விக் பிரபு ஆல்பர்ட் தோர்ன் அவர்களே! அவரினும் மாட்சிமை மிக்க மாயம்மாள் அவர்களே! உங்கள் அனைவருக்கும் பத்ருன்னிசாவின் பணிவான வணக்கம்.

பிரபுவின் பக்கத்து வீட்டுக்காரி என்ற ஒரே தகுதியில் என்னை இங்கே பேச அழைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கிறதாம் ஒரு குடும்பம். நானூறு ஆண்டுப் பட்டமாம், பரம்பரையாம், பாரம்பரியமாம். அந்தப் பட்டம் பனி விழும் நாட்டிலிருந்து புறப்பட்டு, நம் கொச்சங்காடிச் சந்துக்குள் எப்படி நுழைந்தது? நுழைந்த பின் என்ன ஆனது? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எல்டர்விக் என்பது ஆட்டுமந்தைகளால் நிறைந்த ஓர் ஊர். அங்கே தோர்ன் என்று ஒரு கம்பளி வியாபாரி இருந்தார். ஆம், வியாபாரி. போர்க்களம் கண்டவர் அல்லர், வாள் பிடித்தவர் அல்லர், தராசு பிடித்தவர். அந்தக் காலத்து மன்னருக்குக் கஜானா காலி. காலியான கஜானாவை எப்படி நிரப்புவது? பட்டங்களை விலைக்கு விற்றார் மன்னர். வாங்கினார் தோர்ன். சிரிக்கிறீர்கள், வணிகப் பெருமக்களே. உங்கள் இனத்தான் என்றதும் அந்த வரிசையில் எத்தனை பல் தெரிகிறது பாருங்கள்!

அவர் பேரன் காலத்தில் உள்நாட்டுப் போர். நாடே இரண்டாகப் பிரிந்து நின்றபோது தோற்கப்போகிற பக்கம் பார்த்துச் சேர்ந்தார் பேரன். மன்னர் தலை போனது, இவர் நிலம் போனது. மாவு மில்லில் ஒளிந்து, மாவோடு மாவாகக் கிடந்து உயிர் பிழைத்தார். காலம் திரும்பியது, மன்னரின் மகன் திரும்பினார், மாவு மில்லில் கிடந்தவருக்கு பாரன் என்ற பட்டம் வந்தது. அவருடைய கொள்ளுப்பேரன் ஓர் அமைச்சருக்கு வேண்டிய நேரத்தில் வேண்டியபடி கை தூக்கினார். தூக்கிய கைக்குக் கிடைத்தது அதனினும் பெரிய பட்டம், ஏர்ல். நம் வழக்கில் சொன்னால் பெரும்பிரபு. என்ன கேட்கிறீர்கள், பின்வரிசையில்? ஆம் ஐயா, அந்த ஊரிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. மேற்கொண்டு என்னைப் பேச வைக்காதீர்கள்.

நான்காம் பிரபு, பிரபுக்கள் சபையில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு முறை எழுந்து பேசினார். பக்கத்தில் இருந்தவர் தம் தொப்பியின் மேல் உட்கார்ந்துவிட்டார் என்று புகார் சொன்னார். அவ்வளவுதான் அவர் நாட்டுக்கு ஆற்றிய தொண்டு.

இந்தப் பட்டத்துக்கு ஒரு விதி உண்டு, தாய்மார்களே. தந்தைக்குப் பின் மூத்த மகன். மகன் இல்லையென்றால் தம்பி. தம்பியும் இல்லையென்றால் தம்பி மகன், சிற்றப்பன் மகன், அவன் மகன் என்று தேடிக்கொண்டே போவார்கள். மலை ஏறித் தேடுவார்கள், கடல் தாண்டித் தேடுவார்கள். ஆனால் அதே வீட்டில், அதே கூடத்தில், தகப்பனுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு நிற்கும் மகளை மட்டும் அவர்கள் கண் காணாது. பட்டத்துக்கு மட்டுமா அந்த விதி? பட்டம் யாருக்கோ, வீடும் அவருக்கே என்று முன்னோர் ஒருவர் சட்டப்படி கட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

இனி கொச்சிக்கு வருவோம். ஏழாம் பிரபுவுக்கு எட்வின் என்று ஒரு தம்பி. மிளகும் கயிறும் வாங்கி அனுப்பும் வேலையாக இங்கே வந்தவர். வந்த இடத்தில், தூத்துக்குடியிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்துப் பெண் ஞானப்பூவைக் கண்டார். கண்டவர் கைவிட்டுப் போகவில்லை. தேவாலயத்தில் மணியடித்து, ஊரைக் கூட்டி, மோதிரம் மாற்றி மணந்தார். செய்தி போனது இங்கிலாந்துக்கு. அண்ணன் கொதித்தார், அன்றோடு தம்பியின் பெயரை அந்த வீட்டில் எவரும் உச்சரிக்கவில்லை. கோபத்தால் உறவை அறுக்க முடிந்தது. வாரிசை அறுக்க முடிந்ததா? முடியவில்லை.

எட்வினின் பிள்ளைகள் ஞானப்பூவின் தமிழைப் பேசினார்கள். பேரன் பிரான்சிஸ், நம் ஆல்பர்ட்டின் தந்தை, இதே தெருவில் சைக்கிள் பழுது பார்த்தார். தான் ஒரு பிரபு வம்சம் என்று சாயாக்கடையில் ஒருநாள் சொல்லிவிட்டார். அன்று தொடங்கியது வினை. தோர்ன் என்ற பெயர் நம்மவர் வாயில் தோரன், அதாவது தேங்காய்ப் பொரியல், ஆகிவிட்டது. பீன்ஸ் தோரனா, முட்டைக்கோஸ் தோரனா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். தலையைக் குனிய வேண்டாம், அவர் மகன் உங்களை எப்போதோ மன்னித்துவிட்டார். ஆனால் பிரான்சிஸ், தன் சொல்லை ஒருவர்கூட நம்பாமலே கண்மூடினார். ஆல்பர்ட்டின் நெஞ்சில் தைத்த முள் அது ஒன்றுதான்.

ஆல்பர்ட் வல்லார்பாடம் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவர். வானத்துக்கும் கப்பலுக்கும் நடுவே கண்ணாடிக் கூண்டில் அமர்ந்து பெட்டிகளைத் தூக்கி வைப்பவர். திருநெல்வேலி மாயம்மாளைக் காதலித்துக் கைப்பிடித்தவர். மூன்று பெண்களுக்குத் தகப்பன். கொச்சங்காடியில் வாடகை வீடு. போன வருடம் மழைக்காலத்தில், அந்த வீட்டு வாசலில் கோட்டு அணிந்த வழக்கறிஞர் ஒருவர் நனைந்துகொண்டு நின்றார். ஒன்பதாம் பிரபு மகன் இல்லாமல் மறைந்துவிட்டார், அவர் வழியில் வேறு ஆண்கள் இல்லை, பழைய தம்பி எட்வினின் வழியில் மிஞ்சியிருப்பவர் நீங்கள், நீங்களே பத்தாம் எல்டர்விக் பிரபு என்றார். ஆல்பர்ட் அவரை உள்ளே அழைத்துத் துண்டு கொடுத்துத் தலை துவட்டச் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் தெருமுனையில் பேனர் நின்றது. நம் இசக்கிதுரை அச்சடித்தது. ஆல்பர்ட்டின் தலையில் கிரீடம், பின்னால் ஒளிவட்டம், இருபுறமும் சிங்கம், கீழே இசக்கிதுரையின் படம் ஆல்பர்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக. மேளம் என்ன, வெடி என்ன, வீட்டுக்கு வீடு பாயசம் என்ன! தன் தகப்பன் பொய் சொல்லவில்லை என்று ஆல்பர்ட் அன்று தெருவெல்லாம் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகுதான் வந்தார் எலனர் அம்மையார்.

ஒன்பதாம் பிரபுவின் ஒரே மகள். அப்பாவைப் பார்த்துக்கொண்டவர், ஆட்டுமந்தையைப் பார்த்துக்கொண்டவர், ஒழுகும் கூரைக்கு ஏணி வைத்து ஏறியவர். மகள் கிளாராவோடு அந்த வீட்டிலேயே வாழ்ந்தவர். அவர் சண்டைக்கு வருகிறார் என்று தெரு முழுக்கப் பேச்சு. மாயம்மாளின் தம்பி சுடலைமணி, இரண்டு வக்கீலைத் தயாராக நிறுத்தியிருந்தார். அம்மையார் வந்தார், அமர்ந்தார், கைப்பையைத் திறந்தார். ஒரு சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். வீடு இனி உங்களுடையது, தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, யார் கையில் போகிறது என்று பார்த்துக் கொடுக்க வந்தேன் என்றார். அழவில்லை.

ஆல்பர்ட்டின் மூத்த மகள் பொன்மணி, ஃபோர்ட் கொச்சி ஹோட்டல் ஒன்றில் வரவேற்பில் இருப்பவள், அவள்தான் மொழிபெயர்த்தாள். மொழிபெயர்த்தவள் நடுவில் நிறுத்தி, தானாக ஒரு கேள்வி கேட்டாள். நீங்கள் பையனாகப் பிறந்திருந்தால்? அம்மையார் அவள் பக்கம் திரும்பினார். நான் இன்று இங்கே வந்திருக்க மாட்டேன், உன்னையும் பார்த்திருக்க மாட்டேன் என்றார்.

தாய்மார்களே, ஆல்பர்ட்டின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? பட்டமும் வேண்டாம் வீடும் வேண்டாம் என்று ஒதுங்கலாம் என்றால், வீடு எலனருக்குப் போகாது. தூரத்துக் கிளை ஒன்றின் அடுத்த ஆண் வாரிசு கனடாவில் இருக்கிறாராம். அவர் அதை இடித்துக் கோல்ப் மைதானம் போட ஆள் பார்த்துவிட்டாராம். இதை வழக்கறிஞரிடம் தொலைபேசியில் விசாரித்துத் தெரிந்துகொண்டவள் பொன்மணி. எலனர் அம்மையார் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. சுடலைமணியோ விடவில்லை. வாங்கு, விற்றுவிடு, தோப்பும் துரவுமாகக் கும்பளங்கியில் வீடு கட்டு, மூன்று பெண்ணையும் கரையேற்று என்று அச்சாரம் வாங்காத குறையாகப் பேசினார். சுடலைமணி அண்ணன் கெட்டவர் அல்லர், அக்காமேல் உள்ள பாசம். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு அரண்மனை கைக்கு வந்தால் ஆசை வராதா? ஆல்பர்ட்டுக்கும் வந்தது. இரண்டு நாள் கிரேன் கூண்டிலிருந்து இறங்கியும் கூண்டுக்குள் இருப்பவர் போலவே நடந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம், மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும். எலனர் அம்மையார் விருந்தாளி, நானும் விருந்தாளி. பரிமாறிக்கொண்டே இருந்த மாயம்மாள் திடீரென்று கரண்டியைக் கீழே வைத்தார். விரல் விட்டு முறை எண்ணினார். எட்வினும் அண்ணனும் கூடப்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தம்பி முறை, அவர்கள் பிள்ளைகளும் அப்படியே. எண்ணி முடித்துக் கணவரைப் பார்த்தார்.

“அப்பம் இவங்க உங்களுக்கு அக்கா முறை. எனக்கு நாத்தனார்.”

சுடலைமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாயம்மாள் கையமர்த்தினார்.

“நாத்தனார் பொறந்த வீட்டுச் சாவியைத் தம்பி பொண்டாட்டி கையில குடுத்துட்டுப் படியிறங்கிப் போனா, பின்ன அந்த வீட்டுல எனக்கு உறக்கம் வருமா?”

ஆங்கிலத்தில் இதற்கு என்ன வார்த்தை? பொன்மணி திணறினாள். நாத்தனாருக்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் நாத்தனார் என்றால் நாம் நினைக்கும் உரிமை, சண்டை, சீர், செல்லம், அத்தனையும் அந்தச் சொல்லில் இருக்கிறதா? கடைசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: அம்மா உங்களைத் தன் வீட்டு ஆள் என்கிறாள். சாவியை வைத்தபோது அழாத எலனர் அம்மையார் அப்போது அழுதார். மீன்கறியின் காரம் என்று இன்றுவரை சாதிக்கிறார். நாமும் நம்புவதாகவே இருப்போம்.

ஆல்பர்ட் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பேரு எனக்கு வேணும், மாயா. எங்கப்பன் சொன்னது பொய்யில்லன்னு அங்க எழுதி வைக்கணும். வீடு அக்காவுக்கு.”

சாவிக்கொத்தை எடுத்து எலனர் அம்மையாரின் கைப்பைக்குள் அவரே போட்டார். சுடலைமணி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து போய், அம்மையாருக்கு இன்னும் கொஞ்சம் கப்பை எடுத்து வைத்தார்.

பங்குனியில் போனார்கள் இங்கிலாந்துக்கு. எல்டர்விக் வீட்டு வாசலில் ஊரே வரிசையாக நின்றது. தொண்ணூறு வயதுத் தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றி, பிரபு அவர்களின் முதல் கட்டளை என்ன என்று கேட்டார். குளிரில் உறைந்து நின்ற பிரபு, ஒரு சாயா கிடைக்குமா சேட்டா என்றார். உள்ளே போனால் பெரிய கூடம். பொன் சட்டத்துக்குள் பிரபுக்கள், மீசையும் விறைப்புமாக. இவர்களின் மனைவிமார் எங்கே என்று கேட்டார் மாயம்மாள். அந்தப் படங்கள் சமையலறைக்குப் போகும் நடைவழியில் தொங்கின. அன்று மாலையே ஆல்பர்ட் ஏணி கேட்டார். கிரேன் ஓட்டுகிறவருக்குத் தூக்கி வைக்கவா சொல்லித்தர வேண்டும்? கிளாரா விளக்குப் பிடிக்க, பொன்மணி ஆணி எடுத்துக்கொடுக்க, ஒவ்வொரு பிரபுவுக்கும் பக்கத்தில் அவர் மனைவியைக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

பிறகு வந்தது கையெழுத்துப் போடும் நாள். பட்டம் அவர் பெயரில் முறைப்படி உறுதியாகிவிட்டது. வீட்டை எழுதிக்கொடுக்க வேண்டும். முன்னோர் போட்ட கட்டை அவிழ்க்கப் பிரபுவாக இருப்பவருக்குச் சட்டத்தில் வழி உண்டாம், இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம். வழக்கறிஞர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: ஐயா, உங்களுக்கு மகன் இல்லை. கனடாக்காரருக்கும் பிள்ளை இல்லை. எல்டர்விக் பட்டம் அநேகமாக உங்கள் இருவரோடு முடிந்துவிடும். வருத்தம் ஏதும் உண்டா? அந்த அறையில் அதற்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? நம் தமிழில், நம் கொச்சித் தமிழில் கிடைத்தது.

“மூணு மக்கள் இருக்கு எனக்கு. எனக்கென்ன வருத்தம்? இது அக்கா வீடு. அக்காவுக்குப் பின்ன கிளாரா வீடு. அதுக்குப் பின்னயும் மூத்தது ஆணா பொண்ணான்னு இந்த வீட்டுல ஒருத்தரும் கேக்கக் கூடாது. அதை எழுதுங்க, ஒப்புப் போடுறேன்.”

பொன்மணி மொழிபெயர்த்தாள். வழக்கறிஞர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார், ஒரு சொல்கூட விடாமல் எழுதிக்கொண்டார். எழுதியாயிற்று. ஒப்பும் ஆயிற்று.

கேளுங்கள் பெரியோர்களே! பொருள் கொடுத்து வாங்கினார் ஒருவர் பட்டத்தை. பதுங்கிக் கிடந்து பெற்றார் ஒருவர். கைதூக்கிப் பெற்றார் ஒருவர். பிறந்ததால் மட்டுமே பெற்றவர்கள் மற்றவர்கள். நானூறு ஆண்டுகளில் அந்த வம்சத்தில் ஒரு பிரபுவாவது, தன் கைக்கு வந்ததை ஒரு பெண்ணின் கைக்குத் திருப்பிக் கொடுத்தாரா? கொடுத்தார், பத்தாமவர் கொடுத்தார். யார் அவர்? பளிங்கு மாளிகையில் பிறந்தவரா? இல்லை. படித்துப் பட்டங்கள் குவித்தவரா? இல்லை. ஞானப்பூவின் கொள்ளுப்பேரன், பிரான்சிஸின் மகன், மாயம்மாளின் கணவர், நம் தெருக்காரர்! நாளை காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்!

பட்டம் முடிந்தால் முடியட்டும். பிறந்த வீடு பெண்ணுக்கு நிலைக்கட்டும். இந்த அரங்கில் வீடு வாசல் வைத்திருக்கும் தகப்பன்மார்களே, உங்களிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் மகளை அழைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இது உன் வீடும்தான் என்று உங்கள் வாயால், அவள் காது கேட்கச் சொல்லுங்கள். சொல்லிப் பாருங்கள், அவள் முகம் என்ன ஆகிறது என்று.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மணியடிக்கக் கை ஓங்கி மூன்று முறை மனம் மாறிய தலைவர் ஐயாவுக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், தன் கதையை நான் பேசும்போது மேசைக்கடியில் ஒளியப் பார்த்த பிரபு அவர்களுக்கும் நன்றி. எலனர் அம்மையார் எழுந்து நிற்கிறார். பொன்மணி வகுப்பெடுத்ததில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் கற்றிருக்கிறாராம், அதை நம் எல்லோர் முன்னிலையிலும் மாயம்மாளைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஒலிபெருக்கியை அவரிடம் தருகிறேன். அவர் சொல்லப்போவது “தம்பி பெண்டாட்டி” அன்று, எனக்குத் தெரியும், “தங்கச்சி.” வாழ்க நீங்கள் எல்லோரும், வணக்கம்.