இருபத்தைந்து காட்டிய மிதவை

என் கணவர் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்லாத நாளில்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவர் நாக்கில் ருசியே போய்விட்டது என்பது வேறு விஷயம். தெரியாததைப் பற்றி அடித்துப் பேசத் தைரியம் வேண்டும், ஐயா. அது அவரிடம் ஏராளமாக இருந்தது.

கடிகாரம் பழுதுபார்ப்பவர். முள்ளும் கோடும் உள்ள எதையும் நம்புவார். குளியலறையில் சாராயம் காய்ச்சத் தொடங்கியதும் ஒரு மிதவை வாங்கினார். கண்ணாடிக் குழாய், உடம்பெல்லாம் கோடு. சரக்கு வீரியமாக இருந்தால் ஆழமாக மூழ்கும், தண்ணீராக இருந்தால் மேலே நிற்கும். அது காட்டும் சதவீதத்தைப் பார்த்துத்தான் எத்தனை கிளாஸ் என்று முடிவு செய்வார்.

என் தம்பி குடிக்காதவன். அவனுக்காகச் சரக்கில் சர்க்கரைப் பாகு கலந்து, அதன் பிறகு மிதவையைப் போட்டார். இருபது காட்டியது.

"பச்சத்தண்ணி மாப்ளே, குடி."

"போதும் மாமா. தலை சுத்துது."

"இருபதுக்கேவா? உங்கக்காகிட்ட வளையல் வாங்கிப் போட்டுக்க."

போட்டுக்கொள்ள அவன் எழுந்திருக்கவில்லை. விடிந்தபோது சோபாவில் சில்லிட்டுக் கிடந்தான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் என் கணவர், "மீட்டர் பொய் சொல்லாதுங்க, பையன் உடம்புதான் சொத்தை" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஒரு தவறு எங்கே நுழைந்தது என்று தெரியாமல் எனக்கு வேலை ஓடாது. ஒரு பாத்திரத் தண்ணீரில் மிதவையைப் போட்டு, சர்க்கரையைக் கரைத்துப் பார்த்தேன். அது எழும்பிக்கொண்டே வந்தது. சர்க்கரை சேர்ந்தால் அது காட்டும் எண்ணுக்கும் போதைக்கும் சம்பந்தமில்லை. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"பேப்பர் திருத்துறவ பேப்பரைத் திருத்து" என்றார்.

நான் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து அவர் காய்ச்சியது அறுபது; அவர் இல்லாத நேரத்தில் நானே மிதவையைப் போட்டுப் பார்த்தேன். அதை மிதவை அவரிடம் சொல்வதற்கு முன் நான் சர்க்கரை கரைத்துவிட்டேன். இருபத்தைந்து காட்டியதும், பரீட்சையில் தேறாத பிள்ளையைப் பார்ப்பது போல அந்தப் பாட்டிலைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தேன்.

"தொண்டை எரியுதேடி."

"மீட்டர் பொய் சொல்லுமாங்க?"

"அது சொல்லாது" என்று குடித்தார்.

ஒரு கட்டத்தில் உள்ளங்கையால் கிளாஸை மூடிக்கொண்டார். போதுமாம்.

"இருபத்தஞ்சுக்கேவா? என் தம்பியே தேவலாம் போலிருக்கே."

கையை எடுத்துவிட்டார்.

உங்கள் ஆட்களும் மிச்சச் சரக்கில் அதே மிதவையைப் போட்டு, இருபத்தைந்து என்று குறித்துக்கொண்டு, மாரடைப்பு என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பிழையோடு விட எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான் வந்தேன். அறுபது என்று போடுங்கள்.

கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், அது சரியான சொல் அல்ல. நான் சர்க்கரை போட்டேன், குடித்தது அவர். கடைசி இரண்டு கிளாஸுக்குத்தான் அவர் கை எழும்பவில்லை. தலையை மடியில் தாங்கி, வாயைத் திறந்து, நானே புகட்டினேன். முடியாமல் கிடக்கும் கணவருக்கு ஒரு மனைவி இதுகூடச் செய்யக் கூடாதா?