பன்றி விற்ற தாள்

— பெட்டியைக் கவுத்துப் பாத்தாச்சு. அரிசிப் பானையிலயும் இல்லை. ஏங்க, பன்னி வித்த அந்தப் பணத்தாளை எங்க வச்சீங்க?

— இப்ப எதுக்கு அது, யூன்? எருமை வாங்குறதை நாளைக்குப் பாத்துக்கலாமே.

— எருமை கிடக்கட்டும். தாளை எடுங்க.

— கல்லறையில புல்லு வெட்டி வெட்டி இடுப்பே விட்டுப்போச்சு. முதல்ல கொஞ்சம் கஞ்சி ஊத்து.

— பேச்சை மாத்தாதீங்க. கழுத்தைச் சொறிய ஆரம்பிச்சாலே பொய் வரப்போகுதுன்னு எனக்குத் தெரியும்.

— கத்த மாட்டேன்னு சொல்லு.

— சொல்லித் தொலைங்க.

— எரிஞ்சு போச்சு.

— எது, நம்ம தாளா?

— சத்தியமா வேணும்னு பண்ணலை. அப்பாவுக்கு எரிக்கிற காகிதக் கட்டோட சேத்து இடுப்புல சொருகியிருந்தேன். செத்தவங்களுக்கு எரிக்கிற பணமும் காகிதம், மங்கோலியரை விரட்டின புதுச் சக்கரவர்த்தி குடுக்கிற பணமும் காகிதம்னா மனுசன் என்ன பண்ணுவான்? செப்புக் காசா இருந்தா இப்படி ஆகுமா? சிவப்பு முத்திரை கருகுறப்பதான் கவனிச்சேன். சட்டுன்னு கையை விட்டேன். அதுவரைக்கும் ஒரு இலை அசையலை, யூன். சத்தியமா. எங்கேந்தோ ஒரு காத்து வந்து அதை உள்ளே இழுத்துட்டுப் போயிருச்சு. பாரு, விரல் எப்படி வெந்திருக்குன்னு.

— முழுசா எரிஞ்சுதா? மூலை கீலை ஏதாவது மிச்சம் இருக்கா?

— வெறும் சாம்பல். அழாதே, யூன். இந்த வருஷம் ஏரை நானே இழுக்கிறேன்.

— அழலைங்க, சிரிக்கிறேன். இல்லை, அழுறேன்தான். விரலைக் காட்டுங்க, எண்ணெய் தடவி விடுறேன்.

— உனக்குப் புத்தி கித்தி பிசகிப் போச்சா?

— அந்தப் பன்னி வியாபாரியைச் சந்தையில பிடிச்சுட்டாங்க. அவன் குடுத்த அத்தனையும் கள்ளத்தாள். சிப்பாய்ங்க வீடு வீடா புரட்டிக்கிட்டு வர்றாங்க, இப்ப நெசவுக்காரி வீட்டுல நிக்கிறாங்க. அடிச்சவனுக்கும் தலை போகும், செலவு பண்ணினவனுக்கும் போகும்னு தாள்லயே போட்டிருக்குல்ல? அடுப்புல போட்டுரலாம்னுதான் மத்தியானத்துலேந்து தேடுறேன்.

— ஐயோ. நாம விவரம் தெரியாம வாங்கினோம்னு சொன்னா?

— மத்த வீடுன்னா நாலு அடியோட விட்டிருப்பாங்க. நம்ம வீட்டுக்கு இருக்கிற பேருக்கு விடுவாங்களா?

— கதவைச் சாத்திடு. கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.

— உக்காருங்க, கதவு திறந்தே கிடக்கட்டும். இனிமே பயப்பட ஒண்ணுமில்லை. வந்து நல்லாத் தேடட்டும். கஞ்சி சூடா இருக்கு, முட்டையும் போடுறேன்.

— கல்லறைக்கே போக மாட்டேன்னுதானே சொன்னேன். நீதான் பிடிச்சுத் தள்ளின.

— பெத்தவர் செத்து இத்தனை வருஷமா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகலைன்னா தள்ளாம என்ன பண்ணுவாங்க?

— எப்படிப் போறது? சந்தை நடுவுல, ஊரே வேடிக்கை பாத்த சாவு. அவர் பேரைச் சொல்லவே எனக்கு வெக்கமா இருந்துது. யூன்...

— என்ன, இன்னும் ஏதாவது எரிச்சீங்களா?

— முதல் தடவையாப் போய் அவருக்குக் கள்ளத்தாளையில்ல குடுத்துட்டு வந்திருக்கேன். பாவம், விவரம் தெரியாம அதை எமன் ஊர்ல நீட்டினாருன்னா?

— யாரு, மாமாவா? மங்கோலியர் காலத்துல கள்ளத்தாள் அடிச்சுத் தலையைக் குடுத்தவருக்கு, கள்ளத்தாளைப் பாத்தாத் தெரியாதா? உங்க கையிலேந்து அதை அவர்தாங்க பிடுங்கியிருக்காரு.