பீருக்கு ஓம பிஸ்கட்

“1988 மார்கழி, ஞாயிறு மாலை, தருமபுரி ரயில் நிலையம். பெங்களூர் வண்டி தாமதம்.” என் குறிப்பு இப்படித் தொடங்குகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் கணவரை வழியனுப்ப வந்த பெண், பெஞ்சில் என் பக்கத்தில் பிஸ்கட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

“போன மாசம் மாதிரி ஓமம் போட்டியா புள்ள? பீருக்கு அதான் ஜோடி,” என்றார் கணவர். சொன்ன பிறகுதான் உளறிவிட்டது அவருக்கே புரிந்தது.

“என்னாதுங்க?”

“சனிக்கெழம ஒரே கிளாஸு. தனியா ரூம்ல உக்கார முடியல. உன் பிஸ்கட்ட கைக்குட்டையில மடிச்சி எடுத்துனு போவேன். கோவமா?”

“உங்க துணிய தொவைக்கறது யாரு? கைக்குட்டை பூரா பிஸ்கட்டுத் தூளு, பீர் வாடை. அப்பவே தெரிஞ்சிபோச்சி. அதான் சக்கரைய கொறச்சி, உப்பும் ஓமமும் தூக்கலா போட்டேன்.”

“தெரிஞ்சும் கேக்கலியா?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். அங்கயே ஒரு வூடு பாருங்க, நானும் வந்துர்றேன்.”

“வூடு பாத்தா பீரு?”

“வூடு பாத்தா, அடுப்புல மணல் சட்டி வெச்சி சுட்ட பிஸ்கட்டு சூடா கெடைக்கும். பீரு எதுக்கு?”

கணவர் சிரித்தார். வண்டி வந்ததும் மற்ற சாமான்களை மேலே போட்டுவிட்டு, டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் வீடு பார்த்தாரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. குறிப்பில் அதற்காக ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.