சந்தனம் பூசிய ரிவால்வர்

ரிவால்வருக்குச் சந்தனம் ஆகாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தேங்காய் எண்ணெயும் ஆகாது. மார்கழிக் குளிரில் உறைந்துபோய், தோட்டா போடுகிற உருளை சுற்றாமல் நின்றுவிடும். தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் இரண்டு சொட்டு போதும். விட்டபிறகு பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட வேண்டும். அதிகமாக விட்டால் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும்.

என் பெயர் சவுரியப்பன். வயது எழுபத்து மூன்று, படிப்பு மூன்றாம் வகுப்பு. பொம்மிடி ரயிலடிக்குப் பின்னால் மோட்டார் ரிப்பேர்ப் பட்டறை வைத்திருக்கிறேன். சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து நாற்பது வருஷம் ஆகிறது. சாமியார் வெளியே சொல்ல மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நீங்கள் எழுதுகிறீர்கள். எழுதியதை வேறு ஆளை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

செத்துப்போன கோவிந்தனுக்கு வத்தல்மலை அடிவாரத்தில் பதினாறு ஏக்கர் நிலம். லைசென்ஸ் வாங்கி, ரிட்டயர் ஆன அதிகாரி ஒருவரிடமிருந்து அந்தப் பழைய ரிவால்வரை வாங்கினான். கோளாறு என்றால் அதைத் துப்பாக்கிக் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அவனுடைய போர்வெல் மோட்டாரை நான் பார்ப்பதால், இதையும் என்னிடமே கொண்டுவந்தான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தான். அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் வரிசையில் ரிவால்வரையும் வைத்து, சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, குழாயில் ஒரு சாமந்திப் பூவையும் செருகியிருந்தான்.

“சுத்த மாட்டேங்குதுணா. சாமி குத்தமா இருக்குமோ?”

“சந்தனம் குத்தம்” என்றேன்.

மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஈர்க்குச்சியில் துணி சுற்றி, ஆறு ஓட்டையையும் குடைந்து எடுத்தேன். உருளை நன்றாகச் சுற்றியது. அடுத்த வருஷமும் பூசினான். பூசாதே என்று சொன்னால், “சாமிக்கு வெக்காம இருக்க முடியுமாங்ணா” என்பான். வருஷம் தவறாமல் பூஜைக்கு மறுநாள் அது என் பட்டறைக்கு வந்துவிடும்.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாருக்கு எந்த வேலை செய்து கொடுத்தாலும் ஒரு குறை வைத்துத்தான் கொடுப்பேன். ஒரு போல்ட்டைக் கையால் மட்டும் திருகி விடுவேன். சரிபார்த்து வாங்குகிறார்களா என்று பார்ப்பேன். மாவு மில் முனியம்மாள் மோட்டாரை வாங்கின இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“யோவ், இந்த போல்ட்டு ஆடுது. கண்ண எங்க வெச்சிருந்த? மில்லுல மாவு அரைக்கணுமா, உன் தலைய அரைக்கணுமா?”

அன்றிலிருந்து அவள் வேலையில் நான் குறை வைத்ததில்லை. மரியாதை தெரிந்தவன் நான்.

கோவிந்தன் ஒருநாளும் பார்த்ததில்லை. முதல் வருஷம் கைப்பிடி ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திக் கொடுத்தேன். பார்க்கவில்லை. மறுவருஷம் அந்த ஸ்குரூவையே எடுத்துவிட்டேன். ஒரு மிக்ஸிக்குப் பொருந்தியது. அதையும் பார்க்கவில்லை. அதற்கடுத்த வருஷம் விசை ஸ்பிரிங்கை இளக்கினேன். இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

“ஒருக்கா தொறந்து பாருடா” என்று நானே சொல்லியிருக்கிறேன்.

“நீங்க பாத்தா போதும்ணா. உங்க கை பட்டா அது சாமி கை பட்ட மாதிரி.”

இதை டீக்கடையில் நாலு பேர் நடுவிலும் சொல்வான். ஒரு மனிதனை இப்படி நம்புவது எவ்வளவு பெரிய சோம்பேறித்தனம் என்று யோசித்துப் பாருங்கள். பாரத்தை என் தலையில் வைத்துவிட்டு அவன் கையை வீசிக்கொண்டு நடந்தான்.

நாலாம் வருஷம் ஊசியைத் தேய்த்தேன். குதிரை என்கிறோமே, பின்னால் தூக்கி அடிக்கிற பாகம், அதன் மூக்கில் இருக்கிற ஊசி. அது தோட்டாவின் பின்புறத்தில் குத்தினால்தான் வெடிக்கும். அரத்தால் இழைத்துக் குட்டையாக்கினேன். ஒளித்துச் செய்யவில்லை. குதிரையைத் தூக்கினால் அரம் பட்ட இடம் பளபளவென்று தெரியும். நியாயமாகத்தான் வைத்தேன்.

அதே வருஷம் கார்த்திகையில் ஒருநாள் காலை, அவன் குச்சிக்கிழங்குக் காட்டு வேலியில் யாரோ வைத்த கம்பிச் சுருக்கில் காட்டுப்பன்றி ஒன்று காலை மாட்டிக்கொண்டு கிடந்தது. கூட இருந்தவன் வேலைக்கு வருகிற மலைக்காரன் காளியன். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

“வேணாங்க, பாரஸ்ட்டுக்குச் சொல்லலாங்கன்னன். ‘என்னாத்துக்கு இத வெச்சிருக்கறன்? சவுரியண்ணன் பாத்து வெச்சது’ன்னு பத்தடி கிட்ட போயிட்டாருங்க. டிக்குன்னுச்சுங்க. மறுக்கா டிக்கு. கம்பி அறுந்துபோச்சு. அப்பவும் அவுரு ஓடலீங்க, அதையே அமுத்திக்கிட்டு நின்னாரு.”

பன்றி அவன் தொடையைக் கிழித்துவிட்டது. தர்மபுரி போய்ச் சேருவதற்குள் ரத்தம் முழுவதும் வண்டியிலேயே போய்விட்டது. தோட்டா நமுத்துப்போயிருந்தது என்று இந்த ஸ்டேஷனில் எழுதிக் கோப்பை மூடினீர்கள். நீங்களும் குதிரையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள், பார்த்ததைச் சொல்கிறேன். பதினாறாம் நாள் அவன் பெண்சாதி மணிமேகலை எனக்கு இலை போட்டுவிட்டு, “நீங்க அத்தன நல்லா வெச்சிருந்தும் இப்பிடி ஆயிப்போச்சேணா” என்று அழுதாள். பாயசம் நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

அவன் மகன் அருள்குமார் ஓசூர்க் கம்பெனியில் வேலை செய்கிறான். செய்து முடித்த சாமானில் குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. லைசென்ஸ் விஷயமாக இங்கே வந்தவன், ரிவால்வரைக் காட்டியதும் முதலில் குதிரையைத் தூக்கினானாம். நேராகப் பட்டறைக்கு வந்தான்.

“பெரியப்பா, ஊசியில அரம் போட்டது யாருங்க?”

“நான்தான்.”

“ஏன்?”

“உங்கப்பன் பாக்கவே இல்லியேப்பா.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, உங்களிடம் வந்து புகார் கொடுத்தான். எனக்கு வருத்தமில்லை. அந்தக் குடும்பத்தில் ஒருவனாவது பார்க்கக் கற்றுக்கொண்டான். என்னால் ஆன நன்மை அது.

கொல்ல நினைத்தாயா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். இல்லை, அது பரீட்சை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இப்போது கடைசியாக ஒன்று கேட்டீர்கள்: ஊசியைத் தேய்த்த வருஷம், அவன் பார்த்துவிடுவான் என்று நினைத்தாயா என்று. இவ்வளவு நேரத்தில் இதுதான் ஒழுங்கான கேள்வி.

இல்லை, ஐயா. பார்க்க மாட்டான் என்று தெரியும். பார்த்துவிடுவானோ என்று ஒரு சந்தேகம் இருந்திருந்தால், நான் ஊசியில் கை வைத்திருக்கவே மாட்டேன்.