அண்ணாச்சி வூட்டு ரோபோ

– நைனா, இது இன்னா சுத்திகினே கீது? நேரா போவ சொன்னா கோயில சுத்துற மாதிரி சுத்துது.

– இரு ஜோதி, சுத்தட்டும். இப்பதான் உசுரு வந்துகீது. கொஞ்ச நேரம் போனா நேரா போவும்.

– அதுக்கு இன்னா வெக்கமா? நீ மீன் புடிக்கிற போட்டு டிரைவர் தான, உன் போட்டு இப்டி சுத்துனா குந்திகினு பாப்பியா?

– போட்டு சுத்துனா ஸ்டேரிங்ல எதுனா கோளாறுன்னு பாப்பேன். இதுக்கு ஸ்டேரிங்கே இல்லியே. ரெண்டு சக்கரம், ரெண்டு மோட்டரு, முன்னால ரெண்டு கண்ணு. ஷிஜி பாப்பா, அந்த புக்குல இன்னா போட்டுகீது, படிச்சி சொல்லு.

– அதுல எழுத்தே இல்ல மாமா, படந்தான் இருக்கு. கடைசிப் படத்துல இது நேரா போகுது. பக்கத்துல ஒரு பய சிரிச்சுக்கிட்டு நிக்கான்.

– அவன் சிரிப்பான், அவனுக்கு இன்னா. பெட்டியில குடுத்தத வுட்டு வேற எதையாவது மாட்டிட்டோமா?

– அதெல்லாம் இல்ல நைனா. நீ இத்த தூக்கிப் புடி. ஷிஜி, இப்ப ஆன் பண்ணு. பாத்தியா, இந்த சக்கரம் முன்னால சுத்துது, அந்த சக்கரம் பின்னால சுத்துது. ரெண்டும் சண்ட போட்டுகினு கீது, எப்டி நேரா போவும்?

– ரெண்டுக்கும் ஒரே மாதிரிதானே பிள்ளே ஒயர் குடுத்தோம்? மாமா சொன்னாவ, நீ பிடிச்ச, நான் மாட்டுனேன். செவப்பு ஒயர் கடல் பக்கம், கருப்பு ஒயர் ரோட்டுப் பக்கம். ரெண்டு மோட்டருக்கும் அதத்தான் சொன்னாவ, கேட்டியா.

– நைனா, கடல் பக்கம்னா சொன்ன?

– வேற எப்டி சொல்றது? ஒரு மோட்டருக்கு ரெண்டு காது. கடல் பக்கத்து காதுல செவப்பு, ரோட்டு பக்கத்து காதுல கருப்பு. இங்க குந்திகினே ஜன்னல் வழியா கடலு தெரியுது. இதுல இன்னா கஷ்டம்?

– அய்ய. மொத மோட்டரு மாட்டுனப்புறம் ஷிஜி கைக்கு எட்டலன்னு நான் இத்த அப்டியே திருப்பி வச்சேனே.

– திருப்பிட்டியா?

– நான் திருப்புனா கூடவே கடலும் திரும்புமா நைனா? அது அங்கியேதான் கீது. ஒயருதான் தப்பா பூட்ச்சு. ஒரு மோட்டர்ல செவப்பு முன்னால கீது, இன்னொண்ணுல பின்னால கீது.

– அடப்பாவமே. போட்டுல நாங்க அப்டிதான் கண்ணு சொல்லுவோம். வல இழுக்க சொல்லோ நாலு பேரு நாலு பக்கம் பாத்துகினு நிப்பான். லெப்ட்டுன்னா எவனோட லெப்ட்டு? கடல் பக்கம், கர பக்கம்னா இருட்டுல கூட கரீட்டா இழுப்பான்.

– அது போட்டு. இது மடியில வச்சி திருப்புற சாமான்.

– சரி, தப்பு என்னுதுதான், ஒத்துக்குறேன். இப்ப இன்னா பண்ணலாம், சொல்லு.

– ரெண்டாவது மோட்டர்ல செவப்பையும் கருப்பையும் மாத்தணும். அதுக்கு மேல் தட்டு கழட்டணும். அத்தினி ஸ்க்ரூவும் வெளிய எடுக்கணும்.

– நேரமாயிரும்லா? மணி என்ன மாமா?

– ஆறு ஆவப்போவுது. இன்னாத்துக்கு பாப்பா மணியவே கேட்டுகினு கீற? வந்ததுலருந்து வாசலையே பாக்குற. வறுத்து வச்ச நெத்திலிய கூட தொடல.

– ஒண்ணுமில்ல மாமா.

– ஒண்ணுமில்லன்னா ஜோதி ஏன் மூஞ்சிய அந்தாண்ட திருப்பிகினா?

– என்னைய கேக்காத நைனா. நான் பிராமிஸ் பண்ணிகிறேன்.

– நானே சொல்லுதேன் மாமா. இந்தப் பெட்டிய அப்பாட்ட கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன்.

– இன்னாது?

– கிறிஸ்மசுக்கு அப்பாதான் எனக்கு வாங்கித் தந்தாவ. ஆனா பிரிக்கவே விடல. பீரோ மேல தூக்கி வச்சுட்டாவ. எப்பக் கேட்டாலும் இப்ப வேண்டாம், பெறவு பாப்போம்பாவ. நான் தொட்டா ஒடச்சிருவேன்னு நெனைக்காவ. எங்க கடையில மூட்ட மூட்டையா போல்ட்டும் நட்டும் கெடக்கு மாமா. ஒரு நாளாவது ஒண்ண என் கையில தந்து, முறுக்கு மக்களேன்னு சொன்னது கெடயாது.

– அதுக்கு கேக்காம எடுத்துகினு வந்துடுவியா? சாலமோன் அண்ணாச்சி கடைய வுட்டா எங்க போட்டுக்கு ஒரு ஆணி கெடயாது. என்னைய இன்னா நெனைப்பாரு அவரு?

– அதான் மாமா இது ஓடணும்ங்கேன். இன்னைக்குக் கட சீக்கிரம் மூடுதாவளாம், ஏழு மணிக்கு என்னயக் கூப்புட வருவாவ. அப்ப இது ஓடுச்சுன்னா, நான் செஞ்சேன், பாருங்கன்னு காட்டுவேன். ஓடலன்னா எல்லாத்தையும் வாரி பெட்டியில போட்டுப் பூட்டிருவாவ. பெறவு இங்கனயும் விட மாட்டாவ. அம்மைக்கு நான் இங்க வாரது ஏற்கனவே பிடிக்கல.

– மீன் நாத்தமா?

– அய்யோ அது இல்ல மாமா. லீவுல புஸ்தகத்தத் தொடாம சுத்துதேனாம்.

– நைனா, இவள வுடலன்னா லீவு முச்சூடும் நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு இருக்குறது இவ ஒருத்திதான். எனக்கு அழுவ வருது, சொல்லிட்டேன்.

– அழுவாத. ஸ்க்ரூடிரைவர எடு. நல்லா மாட்டி வுட்டீங்க என்னைய, திருட்டுக்கு கூட்டாளி ஆக்கிட்டீங்க. கேளு ஷிஜி, அவரு வந்ததும் கேக்காம எடுத்தேன், தப்புதான்னு மொதல்ல நீ சொல்லணும். அப்பால ஓட்டிக் காட்டு. அதுக்கு மேல கோவப்பட்டா நான் பேசிக்கிறேன். அவ்ளோதான் மேட்ரு.

– சரி மாமா.

– இந்த ஸ்க்ரூவ இந்த மூடியில போடு ஜோதி. ஒண்ணு உருண்டுகினு கட்டிலாண்ட போச்சின்னா உங்கம்மா வந்து பெருக்கித் தள்ளிடும்.

– மாமா, நீங்க எப்பவும் வீட்டுலதான் இருப்பியளா?

– தட காலத்துலதான் பாப்பா. மீனு முட்டையிடுற நேரம், ரெண்டு மாசம் போட்டு கடலுக்கு போவக்கூடாது. மத்த மாசமெல்லாம் போனா பத்து நாளு, பன்னெண்டு நாளு. கரைக்கு வந்தா தூக்கம். இவளுக்கு எப்ப பல்லு வுழுந்துச்சி, எப்ப சைக்கிள் கத்துகினா, எல்லாம் இவங்க அம்மா சொல்லித்தான் எனக்கு தெரியும். இப்பதான் இவ பேசுறது என் காதுல வுழுது.

– அதுக்குதான் காலைலருந்து நைநைன்னு பேசிகினே கீறேன்.

– பேசு, பேசு. காசிமேட்டுல எவன கேட்டாலும் வேல இல்ல, பேஜாரா கீதுன்றான். எனக்கு ஒரு பேஜாரும் இல்ல. நான் சந்தோஷமா கீறேன்.

– உங்களுக்கு லீவுன்னா எங்கப்பாக்கு அப்பந்தான் மாமா சீசன். போட்டெல்லாம் கரையில கெடக்கும்போதுதான பெயிண்டு, கயிறு, போல்ட்டுன்னு வருவாவ. மத்தியானச் சோறு கடைக்குத்தான் போகும். ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சா நேரா கடைதான். நான் ஒறங்குன பெறவுதான் வீட்டுக்கு வருவாவ. நான் எந்த கிளாஸ் படிக்கேன்னு கேட்டா யோசிச்சுத்தான் சொல்லுவாவ.

– இந்தா, ஒயரு கழண்டுச்சி. நீ மாட்டு ஷிஜி. நைனா, நீ வாய தொறக்காத.

– மூடிகினேன் தாயே.

– முன்னால கண்ணு இருக்குல்லா, அந்தக் கண்ணப் பாத்த பக்கம் செவப்பு. அந்த மோட்டர்லயும் கண்ணப் பாத்த பக்கம் செவப்பு. சரியா ஜோதி?

– கரீட்டு. இனிமே எப்டி திருப்புனாலும் கண்ணும் கூடவே திரும்பும். தட்ட மூடு. முறுக்கு.

– ரொம்ப அழுத்தாத பாப்பா, ஸ்க்ரூவோட மரை தேஞ்சிடும். ஆங், அப்டிதான். உன் கை நல்லா நிக்குது, யாரு சொன்னது ஒடச்சிடுவன்னு?

– நீயே ஆன் பண்ணு ஜோதி.

– உன் சாமான், நீயே பண்ணு.

– சேசுவே. போகுது. மாமா, நேரா போகுது, பாத்தியளா?

– போவுது கண்ணு, போவுது. அரிசி டிரம்மாண்ட போயி முட்டப்போவுது, புடி புடி.

– புடிக்காத நைனா, வுடு. அதுக்குதான் கண்ணு கீது. பாரு, நின்னுகிச்சி. பாரு, திரும்புது. மெய்யாலுமே சோக்கா திரும்புது.

– உங்கம்மாவோட கருவாட்டு கூடைய கூட தொடாம சுத்திகினு போவுது. நம்ம ஹார்பர்ல எந்த டிரைவரு இவ்ளோ உஷாரா போறான்?

– நான் செஞ்சேன் மாமா. நானும் ஜோதியும் செஞ்சோம். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? அப்பா இப்பவே வரட்டும். எனக்குப் பயமே இல்ல.

– இரு, போன் அடிக்குது. உங்கப்பாதான் பாப்பா. சத்தம் போடாதீங்க. அலோ, சொல்லுங்கண்ணாச்சி. ஆங், இங்கதான் கீது, ஜோதியோட வெளையாடிகினு கீது. நாளைக்கா? தெரியும், வணிகர் தினம், கடையெல்லாம் மூடிடுவாங்க. சரி. சரி. இல்லண்ணாச்சி, எனக்கு எப்டி தெரியும்? அப்டியா? இல்ல, நான் சொல்ல மாட்டேன். வாங்க, பொறுமையா வண்டிய ஓட்டிகினு வாங்க.

– என்ன மாமா? கண்டுபிடிச்சிட்டாவளா?

– இல்ல.

– பின்ன ஏன் மாமா முகம் இப்படிப் போச்சு?

– நைனா, சொல்லு.

– சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்கு குடுத்துட்டேன். ஆனா சொல்லலன்னா அத்த வுட தப்பாயிடும். குந்துங்க ரெண்டு பேரும். பாப்பா, அந்த பெட்டிய உனக்கு குடுக்கக்கூடாதுன்னு உங்கப்பா மேல வைக்கல. உன்னோட குந்தி, தன் கையால செய்யணும்னு வச்சிகிறாரு. கிறிஸ்மஸ்லருந்து அதுக்கு ஒரு முழு நாளு கெடைக்கல அவருக்கு. நாளைக்கு கட லீவு. காலைல பெட்டிய எறக்கி உன் முன்னால வைக்கப் போறாராம், உன்கிட்ட மூச்சு வுடக்கூடாதாம். மோட்டருக்கு ஒயரு எப்டி குடுக்கணும்னு என்னைய கேக்குறாரு. ஸ்கூல் டூருக்கு போற புள்ள மாதிரி கீது அவரு கொரலு.

– அப்பாவா? அப்படியா சொன்னாவ?

– அப்டிதான் சொன்னாரு.

– எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மாமா. நான் அவிய மேல எவ்வளவு கோவமா இருந்தேன்.

– எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது சொல்ல வராது பாப்பா. மனசுலயே வச்சிகினு திரிவோம்.

– நைனா, நாம ஓட்டிக் காட்டுனா அவரு சந்தோஷப்பட மாட்டாரா?

– படுவாரு. சிரிப்பாரு, சூப்பரா கீதுன்னு சொல்லுவாரு. அப்பால நாளைக்கு முச்சூடும் அவரு இன்னா பண்ணுவாரு ஜோதி?

– அய்யே. ஆமா இல்ல.

– மாமா, அப்பா எங்க நின்னு பேசுனாவ?

– கட வாசல்ல. ஷட்டரு எறக்குற சத்தம் கேட்டுச்சி. தேரடிலருந்து இங்க வரணும், இந்நேரத்துக்கு கண்டெய்னர் லாரி வேற நின்னுகினு இருக்கும். நேரம் கீது. ஆனா இது உன் சாமான் பாப்பா. நீ ஓட்டிக் காட்டுறேன்னாலும் நான் உன் பக்கந்தான்.

– கேக்காம எடுத்தத எப்ப சொல்லுவ ஷிஜி?

– நாளைக்கு அவியளோட கையால இது ஓடட்டும். பெறவு நானே சொல்லுதேன், அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன். இப்ப அந்த ஸ்க்ரூடிரைவர எங்கிட்டத் தா ஜோதி, எல்லாத்தையும் கழத்திப் பெட்டியில போட்டுருவோம், எம் பையில மறச்சுக் கொண்டுபோயி பீரோ மேலயே வச்சிருதேன். மொத ஸ்க்ரூவ எங்கப்பாதான் முறுக்கணும்.