சூடாகாத கியர்பாக்ஸ்

ரப்பர் ஹோஸை இறுக்குகிற கிளாம்பை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை, ஐயா. பலம் இருக்கிறதே என்று முறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும். பயந்து விட்டுவிட்டால் கசியும். கிளாம்பின் ஓரத்தில் ரப்பர் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்திவிட வேண்டும். அது கைக்குத்தான் தெரியும். என் கைக்குத் தெரியும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வண்டியைச் சோதித்தவர் கொடுத்த அறிக்கையை நேற்று இதே ஸ்டேஷனில் நீங்கள் படித்துக் காட்டினீர்கள். கியர்பாக்ஸ் ஆயில் ஓடுகிற ஹோஸ் கழன்று விபத்து நடந்தது, பொருத்தியவரின் கவனக்குறைவு என்று அதில் இருந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் இறந்த அன்றுகூட நான் சாப்பிட்டேன்.

வண்டி அப்பா வாங்கியது. நீள மூக்கும் பளபளக்கும் பம்பரும் கொண்ட பழைய கார். அந்தக் காலத்திலேயே ஆட்டோமேட்டிக் கியர். அப்பாவுக்குப் பிறகு, மூத்தவர் என்று அண்ணனுக்குப் போனது. கியர்பாக்ஸ் வேலை பார்த்துப் பிழைக்கிறவன் நான். இருந்தாலும் அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் இருந்ததாக யாராவது சொல்லியிருந்தால் அது அவர்கள் நினைப்பு.

அந்த வண்டியில் ஒரு கோளாறு உண்டு. கியர்பாக்ஸில் சூடாகிற ஆயில் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் போய், அங்கே ஆறித் திரும்ப வேண்டும். ரேடியேட்டருக்கே வயதாகிவிட்டால் அது எதை ஆற்றும்? சமதளத்தில் சமாளிக்கும். மலையடிவாரத்துப் பாலத்தைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் கியர் பிடிக்காமல் நழுவும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. அண்ணன் ஓரங்கட்டி நிறுத்தி, ஆறவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே வீடு திரும்புவார்.

இதற்கு வைத்தியம் சின்னது. வெளியே தனியாக ஒரு ஆயில் கூலர் போட்டால் போதும். ஒரு பகல் வேலை. அதை நான் வருஷக்கணக்கில் செய்யாமல் வைத்திருந்தேன். காரணம் அண்ணி.

அண்ணனுக்கு ஒரு நோய் இருந்தது. பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில் நின்றுபோவார். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். கையில் தம்ளர் இருந்தால் அது மெல்லச் சாய்ந்து தண்ணீர் மடியில் கொட்டும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். வலிப்பில் அது ஒரு வகை என்றார் டாக்டர். வண்டியைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். அண்ணன் காதில் வாங்கினால்தானே. "யோசிச்சிட்டு இருந்தேன்டா. மனுஷன் யோசிக்கக்கூடக் கூடாதா?" என்பார். ஒரு முறை சாவியை ஒளித்து வைத்ததற்கு வீடே ரெண்டுபட்டது.

அண்ணிதான் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி, அந்தச் சூடாகுற கோளாறை மட்டும் சரி பண்ணிடாதீங்க. அது இருக்கிறதாலதான் பாலத்தோட திரும்பி வர்றார். இந்தப் பக்கம் ரோடு காலியா கிடக்கு, மெதுவாத்தான் போறார். மலையில ஏறிட்டார்னா என் கதி என்ன, சொல்லுங்க."

சரி என்றேன். அதன்பிறகு அண்ணன் சாவியை எடுத்தால் அண்ணி வாசலில் நின்று சிரித்த முகமாகவே வழியனுப்புவார். அவர் திரும்புவதற்குள் சமையலை இறக்கி வைப்பார். பூட்டும் டாக்டரும் செய்ய முடியாததை ஒரு கோளாறு செய்துகொண்டிருந்தது. அது எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும்.

அண்ணனுக்குத் தெரியாது. அதுதான் சங்கடம். என்னை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார். "நம்ம ஸ்பேனர் கைபட்டா ஓடுற வண்டியும் நின்னுடும்" என்று யாரிடமும் சொல்வார். பாசத்தில் சொல்கிறார் என்று எல்லாரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவர் மகளுக்கு வேலை கிடைத்தது என்று வீட்டில் ஒரு விருந்து வைத்தார்கள். என் பட்டறைக்கு வண்டி விடுகிறவர்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். பழைய கார் எப்படி ஓடுகிறது என்று ஒருவர் கேட்டார். அண்ணன் என் தோளில் கைபோட்டுக்கொண்டார். "எங்கே ஓடுது, பாலம் வரைக்கும் நடக்குது. கியர்பாக்ஸ் டாக்டர் வீட்டுலயே இருக்கார், வியாதி மட்டும் தீரல. அவனைச் சொல்லிக் குத்தமில்லங்க. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். "அப்போ என் வண்டியை வேற இடத்துல காட்டணும் போல இருக்கே" என்றார் ஒருவர். அதற்கும் சிரித்தார்கள். நான் அண்ணியைப் பார்த்தேன். உலகத்திலேயே உண்மை தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். அண்ணியும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பற்கள் தெரியும்படி சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அண்ணனுக்கு அன்று வாயை மூடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே கூலரை வாங்கினேன். அண்ணனிடம் சொன்னபோது குழந்தை மாதிரி குதித்தார். "அண்ணிகிட்ட மூச்சு விடாதே. முதல்ல நான் ஏத்திப் பார்த்துடுறேன். அப்புறம் ஒரு நாள் அவளை மேல கூட்டிட்டுப் போய் அசத்துறேன்" என்றார். ரகசியம் அவருடைய யோசனை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலையைச் சொல்கிறேன், அறிக்கை எழுதியவருக்கும் பயன்படும். கூலரை ரேடியேட்டருக்கு முன்னால், காற்று முதலில் படுகிற இடத்தில் வைத்தேன். பிளாஸ்டிக் பட்டையால் ரேடியேட்டரோடு சேர்த்துக் கட்டுகிறவர்கள் உண்டு. உரசி உரசி ஓட்டை விழும். நான் இரும்புப் பட்டையில் தனியாகத் தாங்கி செய்து, நடுவில் ரப்பர் வைத்துப் பொருத்தினேன். தண்ணீர் ஹோஸ் போட்டால் சூடான ஆயிலில் ஊறிக் கொழகொழத்துப்போகும். ஆயிலுக்கென்றே வருகிற ஹோஸைத் தேடி வாங்கினேன். புகைக்குழாய்ப் பக்கமே போகாமல் சுற்றிக் கொண்டுபோனேன். குழாய் முனையில் உதடு மாதிரி ஒரு மடிப்பு உண்டு. ஹோஸை அதைத் தாண்டி ஏற்றி, மடிப்புக்குப் பின்னால் கிளாம்பு போட்டேன். ஒன்று போதும். நான் இரண்டு போட்டேன். என் ஆயுசில் இதைவிடச் சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

அண்ணன் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு வேலை தெரியும்னு எனக்குத் தெரியாதாடா? சும்மா சீண்டுவேன், வேற யாரைச் சீண்ட?" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த வார்த்தையை விருந்தில் சொல்லியிருக்கலாம்.

அப்போதாவது கூலரைக் கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடித்த வேலையைக் கலைப்பது எனக்கு வழக்கமில்லை.

மறுநாள் அவர் கிளம்புவதற்கு முன்பே நான் பைக்கில் மலைமேல் போய்விட்டேன். கடைசி வளைவில், குட்டைச் சுவர் ஓரமாக நின்றேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போயிருக்கலாம். ஆனால் உள்ளே இருந்தால் கியர் மாறுகிற சத்தம் சரியாகக் கேட்காது. கீழே வீட்டில் அண்ணி வழக்கம்போலச் சிரித்து அனுப்பியிருப்பார். பாலத்தோடு திரும்பிவிடுவார் என்று அடுப்பில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

வண்டி பாலத்தைத் தாண்டியது கேட்டது. ஏற்றத்தில் ஒரு கியர் இறங்கியது, பிடித்தது, வெண்ணெய் மாதிரி ஏறி வந்தது. ஒரு இடத்தில்கூட நழுவவில்லை. அந்தச் சத்தத்தை விருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டிருக்க வேண்டும்.

என்னைக் கண்டால் அண்ணன் ஹாரன் அடிப்பார். அன்று அடிக்கவில்லை. கண்ணாடி வழியே முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. ரோடு திரும்பியது. வண்டி திரும்பவில்லை.

நான் கத்தவில்லை. கத்தினாலும் அந்த நேரத்தில் அவருக்குக் கேட்காது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ரோட்டில் இறங்கி, வண்டி வந்த தடத்தில் குனிந்து, பையிலிருந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பு. துணியில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் சுவர்ப் பக்கம் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன்.

ஆகவே அறிக்கையைத் திருத்துங்கள். ஆயில் போயிருந்தால் அந்த வண்டி அந்த வளைவுக்கு ஏறியே வந்திருக்காது. குழாய் முனையைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். கிளாம்புகளுக்கு அடியில் ரப்பர் இன்னும் வளையமாக இருக்கும். கழன்ற ஹோஸ் முழுசாக வரும். கீழே விழுந்து அறுந்த ஹோஸ்தான் மிச்சம் வைத்துவிட்டுப் போகும்.

அண்ணி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஹோஸ் கழன்றுதான் இப்படி ஆகியிருக்கும் என்று உங்களிடம் முதலில் சொன்னது அவர்தானாமே. அவருக்கு ஹோஸ் எது, வயர் எது என்று தெரியாது. நான் உள்ளே வரும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். பல நாள் தூங்காத முகம்.

"நான் சொன்னது உங்களுக்கு மறந்துபோச்சு, அண்ணன் கேட்டாரேன்னு மாட்டிட்டீங்க. அதுல ஏதோ கை தவறிடுச்சு. அப்படித்தானே தம்பி? அப்படின்னு மட்டும் சொல்லிடுங்க. அதோட நான் எப்படியாவது வாழ்ந்துடுவேன்."

பாவம்தான். எனக்கும் மனசு கேட்கவில்லை. அதனால் வெளியே போனதும் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுங்கள், ஐயா. எனக்கு எதுவும் மறக்கவில்லை. கையும் தவறவில்லை.