ஒரே முகம், இரண்டு நோட்டீஸ்

– பெட்டியை மாத்திட்டீங்க, சிவபாலன் அண்ணா. கெல்லிவில்லுக்கு அடிச்ச நோட்டீஸை டூங்கபி பூரா போட்டு வெச்சிருக்கீங்க.

– தம்பி சுதர்சன், முதல்ல உந்தக் கதிரையில இருங்கோ. தேர்தல்ல நிக்கிற ஆள் இப்பிடி வேர்த்துக்கொண்டு நிண்டா வடிவில்லை. ரெண்டு பெட்டியிலயும் உங்கட சிரிச்ச முகம்தானே ஒட்டியிருந்தது. முன்னால கிடந்ததைத் தூக்கினன்.

– முகம் ஒண்ணுதாண்ணா, உள்ள மேட்டர் வேற. கெல்லிவில்ல விசாவோட வந்த நம்மாளுங்களுக்கு, "முறைப்படி வந்த நமக்கே முன்னுரிமை. சட்டவிரோதப் படகுகளைத் தடுப்போம்." உங்க டூங்கபிக்கு, "உறவுகளே, வில்லாவுட் அகதிகள் தடுப்பு முகாமின் கதவைத் திறப்போம்."

– ரெண்டையும் ஒரே ஆளோ எழுதினது?

– நான்தான். ரெண்டுமே என் கொள்கைதாண்ணா. ஏரியாவைப் பொறுத்து டோன் மாறும்.

– அங்கால கெல்லிவில்ல என்னவாம்?

– உங்க பெட்டி அங்க போயிடுச்சு. என் மாமனாரே போன் போட்டு, "மாப்ள, நீங்க இப்ப எந்தக் கட்சி?"ன்னு கேக்கறாரு. அதை விடுங்க. இங்கதான் பயமா இருக்கு. நீங்கல்லாம் படகுல வந்தவங்க, கொதிச்சுப் போயிருப்பீங்க. வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கிடலாமா?

– என்னத்துக்கு? சனத்துக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு.

– பிடிச்சுப் போச்சா?

– மகேந்திரராஜா அண்ணை ஃபிரிட்ஜில ஒட்டி வைச்சிருக்கிறார். என்னோட ஒரே படகில, வழிநெடுகச் சத்தி எடுத்துக்கொண்டு வந்த மனிசன். இப்ப சொல்றார், நாங்கள் முறைப்படி வந்தனாங்களாம், பிறகு வந்ததுகள்தான் பிழையாம்.

– சூப்பர்ணா. அப்போ தொகுதி முழுக்க இதையே போட்டுடலாம். அந்த "உறவுகளே" நோட்டீஸைக் குப்பைல போடுங்க.

– அப்ப துஷாந்த்? என்ர அக்கான்ர மகன், தம்பி. வில்லாவுட்டில கிடக்கிறவனுக்காக அமைச்சரோட கதைக்கிறன் எண்டு நீங்கள் சொன்னதாலதானே நான் உந்தப் பெட்டியளைச் சுமந்தனான்.

– கண்டிப்பாப் பேசறேண்ணா, எலெக்‌ஷன் முடியட்டும். இப்ப முகாம்னு வாயைத் திறந்தாலே ஓட்டுப் போயிடும். தப்பா எடுத்துக்காதீங்க, என்ன இருந்தாலும் அவன் சட்டவிரோதமா வந்தவன் கணக்குல வர்றான்.

– ஓம், நோட்டீசிலயும் அப்பிடித்தான் கிடக்கு.

– நீங்களும் படிச்சீங்களா?

– எத்தினை வீட்டுக்குப் போட்டனான், வாசியாம இருப்பனே? நல்ல எழுத்து, தம்பி. ஆளைப் பிடிச்சு இழுக்குது. நேற்று துஷாந்தைப் பாக்கப் போனனான். வாசல்ல நிண்ட காவல்காரன், அவன் உனக்கு என்ன முறை எண்டு கேட்டான்.

– தாய்மாமன்னு சொல்லியிருப்பீங்க.

– எப்பவும் அப்பிடித்தான் சொல்றனான். நேற்று வாய் கூசிப் போச்சு. சொந்தமில்லை, தெரிஞ்ச பொடியன் எண்டு சொல்லிப்போட்டன்.